வீட்டில் குழந்தைகளின் டிவி நேரத்தைக் குறைப்பது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அம்மாக்களும் அப்பத்தாக்களும் வாசலில் நின்று கேட்கிற கேள்விகளில் பாதி டிவியைப் பற்றித்தான் இருக்கும். நின்ற வாக்கில் சொல்லி முடிக்க முடியாத பதில்கள் அவை. அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எனக்கும் ஒரு மகள் உண்டு. அவளை வளர்த்ததில் கற்றுக்கொண்டதும் இதில் சேர்ந்திருக்கிறது.

எந்த வயதில் எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம் என்பதுதான் பரிந்துரை. இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். இரண்டு வயது வரை கிடையாது, ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள்.

இந்த ஒரு மணி நேரம் உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். டிவி, செல்போன், டேப்லெட் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

உங்கள் வீட்டுக் கணக்கு என்ன என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள். நாட்காட்டியில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் போதும். "ஒரு மணி நேரம்தான் மிஸ் பார்ப்பான்" என்று சொன்ன ஒரு அம்மா அப்படி எழுதிக்கொண்டு வந்தார். காலையில் பள்ளிக்குக் கிளப்பும்போது 25 நிமிடம், மத்தியானம் வந்ததும் 40 நிமிடம், சாயங்காலம் அப்பத்தாவோடு சீரியல் ஒரு மணி நேரம், ராத்திரி சாப்பாட்டுக்கு 30 நிமிடம். கூட்டினால் 2 மணி 35 நிமிடம். அவர் பொய் சொல்லவில்லை. துண்டு துண்டாகப் போகிற நேரம் நினைவில் நிற்காது.

குழந்தை டிவியைப் பார்ப்பதே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். என்னைக் கேட்டால் எல்லா வீட்டிலும் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். கார்ட்டூனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு ஆய்வு 2008ல் வெளிவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் ஐம்பது பேரை ஒவ்வொருவராகப் பொம்மைகள் உள்ள அறையில் ஒரு மணி நேரம் விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம் ஓரமாக ஒரு டிவி ஓடியது. பெரியவர்களுக்கான வினாடி வினா, குழந்தைக்கு அதில் ஒன்றுமே புரியாது. பிள்ளைகளும் எப்போதாவது சில விநாடிகள்தான் அந்தப் பக்கம் ஏறிட்டுப் பார்த்தார்கள். அப்படியிருந்தும், டிவி ஓடிய நேரத்தில் ஒரே விளையாட்டில் அவர்கள் ஊன்றியிருந்த நேரம் குறைந்துபோனது. அடுத்த வருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. பின்னால் டிவி ஓடும்போது பெற்றோர் பிள்ளையோடு பேசுவதும் குறைகிறது, பிள்ளை கூப்பிட்டால் கவனித்துப் பதில் சொல்வதும் குறைகிறது என்று அதில் தெரிந்தது.

ஆய்வுக்கூடம் வேண்டாம், நம் கூடத்திலேயே பார்க்கலாம். பிள்ளை சொப்புச் சாமானை வைத்துக்கொண்டு சோறு பொங்குகிறது. அரிசி களைகிறது, அடுப்பை ஊதுகிறது, "சூடு, சூடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. விளம்பரம் வருகிறது, சத்தம் தூக்கிக் கொடுக்கிறது. தலை திரும்புகிறது. மறுபடி சொப்புக்கு வரும்போது சோறு எந்த நிலையில் இருந்தது என்று மறந்துபோயிருக்கும். சொப்பைத் தள்ளிவிட்டு வேறு எதையோ எடுக்கும். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை சோறு பொங்காமல் போகிறது!

பேச்சும் அப்படித்தான். ஒன்றரை வயதுப் பிள்ளை ஜன்னலைக் காட்டி "க்கா" என்று சொன்னால், அது ஒருவர் காதில் விழ வேண்டும். "ஆமா, காக்கா. காக்கா என்ன பண்ணுது? சோறு சாப்பிட வந்திருக்கு" என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த "க்கா" காக்காவாக மாறுவது அந்த இடத்தில்தான். டிவி சத்தத்தில் அது யார் காதிலும் விழாமல் போய்விடும். பிள்ளையின் மேல் டிவி என்ன செய்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டிவி ஓடுவதால் நாம் பிள்ளையிடம் என்ன சொல்லாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

அதனால் முதல் வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. யாரும் உட்கார்ந்து பார்க்காத டிவி வீட்டில் ஓடக்கூடாது. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று தோன்றினால் ரேடியோவில் பாட்டு வையுங்கள், அதையும் கொஞ்ச நேரத்துக்கு.

டிவி பார்த்துத்தான் ஏ பி சி டி, எண்கள், ஆங்கிலப் பாட்டு எல்லாம் கற்றுக்கொண்டான். அது நல்லதுதானே?

ஒப்பிக்கிறான் என்பது உண்மை. எங்கள் பள்ளிக்கும் அப்படி வருகிறார்கள். ஒன்றிலிருந்து இருபது வரை ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லும் பிள்ளையிடம் "அந்தத் தட்டிலிருந்து மூணு பட்டாணி எடுத்துக் கொடு" என்றால் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். வார்த்தை வந்திருக்கிறது, மூன்று என்பது இன்னும் வரவில்லை.

இதைப் பற்றி அழகான ஒரு ஆய்வு உண்டு. 2003ல் பாட்ரிசியா கூல் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் செய்தது. அமெரிக்காவில் ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுகிற பெரியவர்கள் பன்னிரண்டு முறை உட்கார்ந்து விளையாடினார்கள், கதை வாசித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டன. வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சை, அதே அளவு நேரம் டிவியில் காட்டினார்கள். அவை எதுவுமே கற்கவில்லை. எதிரில் இருக்கிற ஆள் குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார், அது சிரித்தால் சிரிக்கிறார், அது பார்க்கிற பொம்மையின் பெயரைச் சொல்கிறார். டிவிக்கு உங்கள் பிள்ளை அங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

மூன்று வயதுக்கு மேல், நிதானமாகப் போகிற நல்ல நிகழ்ச்சியிலிருந்து பிள்ளைகள் ஓரளவு கற்பது உண்டு. பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து "ஏன் அந்த யானை அழுவுது?" என்று கேட்டால் இன்னும் நன்றாகக் கற்கும்.

டிவியோ செல்போனோ இல்லாவிட்டால் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். என்ன செய்வது?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். முதலில் ஒரு காட்சி சொல்கிறேன்.

மூன்று வயதுப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். மத்தியானம் டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தோம். கையே வைக்கவில்லை. நிமிர்ந்து எதிர்ச் சுவரின் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தான். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. வீட்டில் அந்த உயரத்தில் டிவி இருந்திருக்கிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு கை வந்து ஊட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் எலுமிச்சை சாதம். பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தவன், தன் டப்பாவிலிருந்து ஒரு கடுகை எடுத்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு "மிஸ், இது என்ன?" என்று கேட்டான். எத்தனை தடவை கடுகைத் தின்றிருப்பான்! அன்றுதான் அதைப் பார்த்தான்.

திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை, ருசியும் தெரிவதில்லை. சில பிள்ளைகள் தேவைக்கு மேல் சாப்பிடுகிறார்கள். சிலர் வாயில் அடக்கி வைத்துக்கொண்டு விழுங்கவே மறந்துபோகிறார்கள்.

மாற்றுவதற்கு ஒரு வேளையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வேளையில் பிள்ளைக்குப் பசி அதிகமோ அந்த வேளை. அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பிருந்தே பால், பிஸ்கட், முறுக்கு எதுவும் வேண்டாம். தரையில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பிள்ளைக்குத் தனித் தட்டு, அதில் கொஞ்சமாகச் சோறு. அரை இட்லி வைத்தால் போதும், கேட்டால் இன்னொரு பாதி. கையால் பிசையட்டும், சிந்தட்டும். ஒரு பழைய பாயோ செய்தித்தாளோ கீழே விரித்துவிட்டால் உங்களுக்கும் பதற்றம் இருக்காது. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், பின்னாலேயே ஓடி ஊட்டவும் வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடும். வீட்டில் யாராவது "பிள்ளை இளைச்சுப் போச்சு" என்பார்கள். அந்த மூன்று நாளைத் தாண்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளை ஏற்கெனவே எடை குறைவாக இருந்தாலோ, அடிக்கடி நோய்வாய்ப்பட்டாலோ மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் மாமியார் சாயங்காலம் முழுக்க சீரியல் பார்க்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

தயவுசெய்து சண்டையாக்காதீர்கள். பகல் பூராவும் உங்கள் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர் அவர்தான். கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவருக்கு இருக்கிற ஒரே துணையாகக்கூட அது இருக்கலாம். "அத்தை, டிவியை அணைங்க" என்று மருமகள் வாயிலிருந்து வந்தால் அது வேறு அர்த்தத்தில் போய் விழும். அவருடைய மகன் சொல்லட்டும். பிள்ளையின் பேச்சுக்காக, சாப்பாட்டுக்காக என்று காரணத்தோடு சொல்லட்டும்.

அணைக்கச் சொல்வதைவிட நேரத்தை மாற்றுவது எளிது. பெரும்பாலான சீரியல்களை இப்போது மறுநாள் செயலியிலோ மறுஒளிபரப்பிலோ பார்த்துக்கொள்ள முடிகிறது. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்திலோ, மத்தியானம் தூங்கும் நேரத்திலோ அப்பத்தா நிம்மதியாகப் பார்க்கலாம். எப்படிப் போடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நாள் சொல்லிக்கொடுங்கள். விடமுடியாத ஒரு சீரியல் இருக்கத்தான் செய்யும். அந்த அரை மணி நேரம் பிள்ளையை வெளியே கூட்டிப் போகிற பொறுப்பு வீட்டில் இன்னொருவருக்கு. மொட்டை மாடி, தெருமுனைக் கடை, கோயில், எங்கே என்றாலும் சரி.

சீரியலை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அதில் அழுகை, அறைதல், விஷம் வைத்தல், இடிமுழக்க இசை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது நடிப்பு என்று முழுதாகத் தெரியாது. எங்கள் பள்ளியில் ஒரு சின்னப் பெண் பொம்மைக்குப் பால் கொடுத்துவிட்டு, "குடிச்சா செத்துருவே" என்று காதில் சொன்னாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழி எல்லாம் மாமியார் தலையில்தான் விழுகிறது. அப்பா பார்க்கிற கிரிக்கெட்டும், செய்திச் சேனல் கூச்சலும், நாம் கையில் வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிற செல்போனும் அதே வீட்டில்தான் இருக்கின்றன. பிள்ளையின் நேரத்தைக் குறைக்கும்போது பெரியவர்களின் நேரமும் கொஞ்சம் குறையத்தான் வேண்டும்.

பாட்டிகளிடம் இருக்கிறதை எந்த டிவியும் கொடுக்காது. உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, கடைசியில் நண்டூறி நரியூறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு தெரியும்தானே. அதில் எண்ணிக்கை இருக்கிறது, உறவுப் பெயர்கள் இருக்கின்றன, "இதோ வருது, வருது" என்று காத்திருக்கிற பொறுமை இருக்கிறது. "அத்தை, அதை இவனுக்கு விளையாட்டுக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். சாயங்காலம் சமைக்கிற நேரத்துக்காவது டிவி போடாமல் முடியுமா?

முடியாத நாளில் போடுங்கள். மனசாட்சி உறுத்த வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தால், அதை உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற அந்த அரை மணி நேரத்தில் வையுங்கள். காலையிலும் மத்தியானத்திலும் அதை வீணாக்காமல் இருந்தால் போதும்.

முடிகிற நாளில் பிள்ளையையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை உருவச் சொல்லலாம். பூண்டை உதிர்க்கச் சொல்லலாம், பட்டாணி உரிக்கச் சொல்லலாம். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் இருபது நிமிடம் ஓடிவிடும், அது கறுத்துப்போகும் வரை உருட்டும். வெயில் காலமாக இருந்தால் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர், இரண்டு டம்ளர், ஒரு வடிகட்டி. அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தோடு தனியாக மட்டும் விட வேண்டாம். புளியங்கொட்டை, சோழி, பட்டாணி போன்றவற்றை மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் தனியாகக் கொடுத்துவிடக் கூடாது. வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும்.

இப்படிச் செய்தால் சமையல் பத்து நிமிடம் கூடத்தான் ஆகும். உண்மை அதுதான்.

அணைத்த உடனே தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். தாங்க முடியவில்லை.

அந்த அழுகையைப் பார்த்துத்தான் பாதி வீட்டில் முயற்சி நின்றுபோகிறது.

என் மகளுக்கு நான்கு வயது. நான் செய்த தவறு, கதை நடுவில் ஓடும்போதே போய் ரிமோட்டை அழுத்தியது. யோசித்துப் பாருங்கள், நாம் பார்க்கிற படத்தை யாராவது உச்சக்கட்டத்தில் அணைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அப்புறம் நிமிடக் கணக்கை விட்டுவிட்டேன். "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் அந்த வயதில் என்ன புரியும்? "இந்தக் கதை முடிஞ்சதும் நீயே அணைக்கணும்" என்று தொடங்கும் முன்பே சொன்னேன். முடிகிற நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருவேன். முடிவுப் பாட்டு வந்ததும் ரிமோட்டை அவள் கையில் கொடுப்பேன். முதல் நாள் ரிமோட்டைச் சோபாவுக்கு அடியில் எறிந்தாள். இரண்டாம் நாள் அழுதுகொண்டே அழுத்தினாள். ஒரு வாரம் கழித்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கறுத்துப்போன திரையில் தெரிகிற தன் முகத்துக்கு டாட்டா காட்டினாள்.

அணைத்த அடுத்த நிமிடத்துக்கு ஒரு வேலை தயாராக இருக்க வேண்டும். குளியலோ, மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ. வெறும் அறையில் விட்டுவிட்டால் அழத்தான் செய்யும்.

அப்படியும் அழுதால் பக்கத்தில் இருங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிவியை மட்டும் திரும்பப் போட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் அழுத பிறகு அப்பா மனமிரங்கிப் போட்டுவிட்டால், பத்து நிமிடம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். மறுநாள் பதினைந்து நிமிடம் அழும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டியது இதில்தான்.

டிவியைவிட செல்போனில் யூடியூப் பரவாயில்லையா?

மோசம். கூடத்து டிவியில் ஓடுவது எல்லோர் கண்ணிலும் படும், காதிலும் விழும். செல்போன் பிள்ளையின் மடியில் இருக்கும், அதில் என்ன ஓடுகிறது என்று அடுக்களையிலிருந்து தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், அதற்கு முடிவு என்று ஒன்று இல்லை. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. நம் அப்பா அம்மா காலத்து டிவி சாயங்காலம் சில மணி நேரம் ஓடி, தானாகவே நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் படம். நிகழ்ச்சி முடிந்தால் எழுந்து போகத்தான் வேண்டும். "முடிந்தது" என்று டிவியே சொன்னது அப்போது. இப்போது அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யூடியூபில் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அமைப்புகளில் போய் அணைத்து வையுங்கள். யூடியூப் கிட்ஸ் செயலியில் நேரம் வைக்கும் வசதி உண்டு, நேரம் ஆனதும் தானே பூட்டிக்கொள்ளும். ஷார்ட்ஸ் பக்கம் சின்னப் பிள்ளையை விடவே வேண்டாம்.

எந்த நிகழ்ச்சி நல்லது?

மெதுவாகப் போவது. ஒரு கதை தொடங்கி முடிவது. மனிதர்கள் நிதானமாகப் பேசுவது. 2011ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நான்கு வயதுப் பிள்ளைகள் அறுபது பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படுவேகமாகக் காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பதே நிமிடம் பார்த்த பிள்ளைகள், அதன்பின் கொடுத்த கவனமும் பொறுமையும் தேவைப்படுகிற வேலைகளில், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிடத் தடுமாறினார்கள். காட்சி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் படம் மாறிக்கொண்டே இருந்தால் அது வேண்டாம்.

ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். பரவாயில்லையா?

வேண்டாம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். திரை வெளிச்சமும் சத்தமும் தூக்கம் வருவதைத் தள்ளிப்போடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணைந்துவிட வேண்டும். பிள்ளை படுக்கிற அறையில் டிவி இருந்தால் அதைக் கூடத்துக்கு மாற்றுங்கள்.

கண் கெட்டுப்போகுமா?

பக்கத்தில் வைத்துப் பார்க்கிற செல்போனும், வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடப்பதும் கிட்டப்பார்வைக்குத் தோதானவை. பகல் வெளிச்சத்தில் தினமும் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. டிவிக்கு மிக அருகில் போய் நின்று பார்க்கிற பிள்ளையைத் திட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே பார்வைக் குறை இருக்கலாம்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. டிவிதான் காரணமா? ஆட்டிசமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது. டிவி பார்ப்பதால் ஆட்டிசம் வரும் என்று நிரூபிக்கப்படவில்லை. அப்படிப் பயமுறுத்தும் வீடியோக்களை நம்பி உங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். அதே நேரம், அதிகமாகத் திரை பார்க்கிற பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. "டிவியை நிறுத்தியிருக்கிறோம், ஆறு மாதம் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். 12 மாதத்தில் மழலை ஒலிகளே இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். காது கேட்கிறதா என்பதையும் பரிசோதிக்க வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன, கட்டணம் கிடையாது. அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் வழி சொல்வார். டிவியைக் குறைப்பதும் மருத்துவரிடம் போவதும் ஒரே வாரத்தில் நடக்கட்டும். "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க" என்று யார் சொன்னாலும் போங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற அப்பாவோடு வீடியோ காலில் பேசலாமா?

தாராளமாக. அங்கே எதிரில் இருப்பவர் பிள்ளையைப் பார்க்கிறார், பதில் சொல்கிறார். இரண்டு வயதுக்குக் கீழேயும் இதற்கு மட்டும் மருத்துவர்கள் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

காய்ச்சல், மழை, நீண்ட ரயில் பயணம்?

அந்த நாட்கள் கணக்கில் வேண்டாம். காய்ச்சல் விட்ட மறுநாள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள், ஒரு நாள் தள்ளினாலும் அதுவே வழக்கமாகிவிடும்.

கேபிளைத் துண்டித்துவிட்டால் என்ன?

சில வீடுகளில் செய்கிறார்கள். சின்னக் குடும்பம், எல்லோருக்கும் சம்மதம் என்றால் அது சுலபமான வழி. ஆனால் கேபிள் போன வீட்டில் செல்போன் வந்து உட்கார்ந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் இருக்கிற கூட்டுக் குடும்பத்தில் இதனால் வருகிற மனஸ்தாபம் பிள்ளைக்கு டிவியைவிட அதிகம் கெடுதல். செட்டாப் பாக்ஸை அணைத்து, டிவிமேல் ஒரு துணியைப் போட்டு மூடி, ரிமோட்டை உயரத்தில் வைப்பதே எவ்வளவோ வேலை செய்யும். கண்ணில் படாதது நினைவுக்கும் குறைவாகத்தான் வரும்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

நான் பார்த்த வீடுகளில் முதல் நான்கைந்து நாள் கஷ்டம். "போரடிக்குது" என்று காலைக் கட்டிக்கொள்ளும், சாமானைத் தூக்கி எறியும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் வீடு திடீரென்று அமைதியாக இருக்கும். பயந்துபோய் எட்டிப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கும். அப்போது உள்ளே போய் "சாப்பிட்டியா?" என்று கேட்டுக் கலைத்துவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் குறைத்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறாளே?

பக்கத்து வீட்டு அக்காவிடம் நேரிலேயே போய்ச் சொல்லுங்கள். "நீங்க பார்க்கிறதுல தப்பில்ல அக்கா, எங்க பாப்பா வந்தா மட்டும் கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க" என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளை நீங்களே சாயங்காலம் உங்கள் வாசலுக்குக் கூப்பிடுங்கள். ஒரு சாக்கட்டி எடுத்து நொண்டிக்குக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருங்கள்.